பரோலோவா, பார்பேராவா? ஆல்பா மேசைக்கு எந்தச் சிவப்பு ஒயின்

வட இத்தாலியில், பியெமோந்தே மாநிலத்தின் ஆல்பா ஊரைச் சுற்றி லாங்கே குன்றுகள் இருக்கின்றன. அங்கே எந்த ஒஸ்தேரியாவில், அதாவது ஊர்ச் சாப்பாட்டுக் கடையில், போய் உட்கார்ந்தாலும் ஒயின் அட்டையின் சிவப்புப் பக்கம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் இருக்கும். டோல்செட்டோ, பார்பேரா, லாங்கே நெப்பியோலோ, பார்பரெஸ்கோ, கடைசியில் பரோலோ. விலையும் அதே வரிசையில் ஏறும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், பரோலோவே சொல்லிவிடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர் பார்பேரா பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். காசு மட்டும் அதற்குக் காரணமில்லை. அவர் முதலில் என்ன சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு, அப்புறம்தான் ஒயின் பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்தில் பெரிய ஒயின் பரோலோதான், சந்தேகமில்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்ப்பதற்கு ஐந்திலும் கஷ்டமானதும் அதுதான். ஒரே பாட்டிலோடு முழுச் சாப்பாட்டையும் முடிக்க வேண்டும் என்றால் நான் பார்பேராதான் சொல்வேன். பரோலோவுக்கென்று சில தட்டுகள் இருக்கின்றன. அவை வரும்போது மட்டும் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பெயர்கள் ஐந்து என்றாலும் திராட்சை மூன்றுதான். டோல்செட்டோவும் பார்பேராவும் திராட்சையின் பெயரையே ஒயினுக்கும் வைத்துக்கொண்டவை. மற்ற மூன்றும் நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருபவை. இவற்றைப் பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும்: புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு? டோல்செட்டோவில் புளிப்பு குறைவு, துவர்ப்பு கொஞ்சம் உண்டு. பார்பேராவில் புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. நெப்பியோலோவில் இரண்டுமே உச்சத்தில் இருக்கும். இவ்வளவு தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

துவர்ப்பு எங்கிருந்து வருகிறது என்றால், திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானினிலிருந்து. அது எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கும் ஈறும் வறண்டுபோகும், நாவற்பழம் தின்ற வாய் போல. பக்கத்தில் இறைச்சியோ பாலாடைக்கட்டியோ இருந்தால் டானினுக்கு அந்தப் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடும், உங்கள் வாயைக் கொஞ்சம் விட்டுவைக்கும். வெறும் காய்கறியோ புளிக்காடி ஊற்றிய சாலடோ இருந்தால் துவர்ப்பு அப்படியே மேலே நிற்கும். புளிப்பு செய்யும் வேலை வேறு. அது வெண்ணெயையும் எண்ணெயையும் அறுத்து வாயைக் கழுவி, அடுத்த கவளத்துக்குத் தயார் செய்துவிடும். பியெமோந்தே சமையலில் வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, நெத்திலி, இறைச்சி எல்லாமே தாராளம். அதனால் இங்கே புளிப்பு எப்போதும் தேவை, துவர்ப்பு சில நேரம்தான்.

நெப்பியோலோவை நிதானமாகப் பார்க்கலாம், குழப்பமெல்லாம் அதில்தான். கண்ணாடியில் ஊற்றியதும் முதலில் ஏமாற்றுவது நிறம். பரோலோ என்றால் மை போலக் கறுத்திருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர் பலர். கண்ணாடிக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும் அளவுக்கு வெளிர்ந்திருக்கும். பத்து வருடம் ஆனால் விளிம்பில் செங்கல் நிறம் வந்துவிடும். மூக்கில் காய்ந்த ரோஜா, செர்ரி, அதிமதுரம், அப்புறம் பலரும் சொல்கிற அந்தத் தார் வாசனை. இவ்வளவு மென்மையான நிறமும் மணமும் கொண்டது வாய்க்குள் போனதும் பிடித்து இறுக்கும். நெப்பியோலோவின் சுபாவமே இந்த முரண்தான்.

இது மிகத் தாமதமாகப் பழுக்கும் திராட்சை. அக்டோபரில், குன்றுகளில் மூடுபனி இறங்கிய பிறகுதான் பறிப்பார்கள். அதனால் பனிக்காலத்தில் எந்தச் சரிவில் முதலில் பனி உருகுகிறதோ, அந்தத் தெற்குப் பார்த்த நல்ல இடமெல்லாம் நெப்பியோலோவுக்குப் போய்விடும். பார்பேராவுக்கு அடுத்த தரத்து இடம். சீக்கிரம் பழுக்கும் டோல்செட்டோவுக்குக் குளிர்ச்சியான, உயரமான மிச்சம் மீதி. விலை வித்தியாசத்தில் பாதி இந்த மண்ணின் விலைதான். மீதியில் பெரும்பங்கு காத்திருப்பதற்கான விலை. சட்டப்படி பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில். ரிசெர்வா என்று போட வேண்டுமானால் 62 மாதம். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. இரண்டுக்குமே 1980-இல் டி.ஓ.சி.ஜி. என்ற உச்சத் தகுதி கிடைத்தது. லாங்கே நெப்பியோலோவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அறுவடைக்கு அடுத்த வருடமே கடைக்கு வரலாம்.

பரோலோ 11 ஊர்களிலிருந்து வருகிறது. பார்பரெஸ்கோ ஆல்பாவுக்கு மறுபக்கம், தானரோ ஆற்றையொட்டி, பார்பரெஸ்கோ, நேய்வே, த்ரேய்சோ என்ற மூன்று ஊர்களிலிருந்தும் ஆல்பாவின் ஒரு மூலையிலிருந்தும் வருகிறது. ஆற்றுப் பக்கம் கொஞ்சம் இளஞ்சூடு, திராட்சை சற்று முன்னதாகப் பழுக்கும். அதனால் பார்பரெஸ்கோ பொதுவாகப் பரோலோவைவிடச் சீக்கிரம் இணங்கிவரும். இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரோலோவுக்குள்ளேயே லா மோர்ரா பக்கத்து மண்ணில் விளைவது மணமும் மிருதுவும் கூடியதாக இருக்கும், செர்ராலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கத்தில் விளைவது இறுக்கமாக, பல வருடம் காக்க வைப்பதாக இருக்கும். லேபிளில் பரோலோ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் வாங்குவது வீண்.

இன்னொரு விஷயம் பீப்பாய். 1980-களில் இங்கே ஒரு குடும்பச் சண்டையே நடந்தது. எலியோ அல்தாரே என்ற இளைஞர் அப்பாவின் பழைய பெரிய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டு, பிரான்சின் பாரிக் என்ற 225 லிட்டர் சிறு பீப்பாய்களைக் கொண்டுவந்தார். அவர் பக்கம் நின்றவர்கள் பரோலோ சீக்கிரமே குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். எதிர்ப்பக்கத்தில் நின்ற பர்த்தோலோ மஸ்கரெல்லோ அரசியல்வாதி பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, ‘பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று லேபிளிலேயே எழுதிவிட்டார். இப்போது சண்டை ஓய்ந்து இரு தரப்பும் நடுவில் எங்கோ வந்து நிற்கிறார்கள். சாப்பாட்டுக்கு என்று கேட்டால் எனக்குப் பெரிய பீப்பாய்க்காரர்கள்தான். புது மரத்தின் வனிலா வாசனை மாட்டிறைச்சிக் குழம்போடு சேரும்போது தட்டில் யாரோ இனிப்பைப் போட்டது போலாகிவிடுகிறது.

சரி, தட்டுக்கு வருவோம். இங்கே சாப்பாடு குளிர்ந்த அயிட்டங்களில் தொடங்கும். மெல்லிசாக வெட்டிய கன்றிறைச்சி மேல் சூரை மீனும் கேப்பர் மொட்டும் நெத்திலியும் அரைத்த சாந்தைப் பூசிய வித்தெல்லோ தொன்னாத்தோ. கத்தியால் கொத்தி எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் சேர்த்த பச்சை இறைச்சி. சலாமித் துண்டுகள். இந்தக் கட்டத்தில் பரோலோவைத் திறப்பது காசைக் கரியாக்குவது. டோல்செட்டோவுக்கு இதுதான் இடம். கறுஞ்செர்ரி, கொஞ்சம் பாதாம் கசப்பு, மிரட்டாத உடம்பு. இளசாக, லேசாகக் குளிர வைத்து, யோசிக்காமல் குடிக்கலாம். டோக்லியானி ஊரில் விளைவது கொஞ்சம் கனமானது, 2005-இல் டி.ஓ.சி.ஜி. வாங்கியது. இத்தாலியின் ஜனாதிபதியாக 1948 முதல் 1955 வரை இருந்த லூயிஜி எய்னாவ்தியின் குடும்பத் தோட்டங்களும் அங்கேதான் இருக்கின்றன. பாவம், டோல்செட்டோவை இப்போது பலர் பிடுங்கிவிட்டு நெப்பியோலோ நடுகிறார்கள். கணக்கு அப்படி.

அடுத்தது பாஸ்தா. இங்கேதான் தவறான பாட்டில் அதிகம் திறக்கப்படுகிறது. தயரின் என்பது நூல் போல வெட்டிய முட்டைப் பாஸ்தா. ஒரு கிலோ மாவுக்கு 30 மஞ்சள் கரு, சில வீடுகளில் 40 கூட. நிறமே மஞ்சள் கிழங்கின் நிறத்துக்குப் போய்விடும். வெண்ணெயில் புரட்டியோ, கோழி ஈரலும் இறைச்சியும் போட்ட சாந்திலோ கொடுப்பார்கள். இன்னொன்று அன்யோலோத்தி தெல் ப்ளின். வறுத்த இறைச்சியை அரைத்து, மாவுத் தாளில் கொண்டைக்கடலை அளவு வரிசையாக வைத்து, மடித்து, இரண்டு விரலால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கிள்ளிவிட்டு வெட்டுவார்கள். சில ஊர்களில் அதை வேகவைத்து, சாஸ் எதுவும் இல்லாமல், வெள்ளைத் துணியில் சுற்றி அப்படியே மேசைக்குக் கொண்டுவருவதும் உண்டு. துணியைப் பிரித்து விரலாலேயே எடுத்துச் சாப்பிடலாம்.

இந்த இரண்டுக்கும் பார்பேரா. மஞ்சள் கருவும் வெண்ணெயும் நாக்கில் பூசிவிடுவதை அதன் புளிப்பு வழித்து எடுத்துவிடும். துவர்ப்பு இல்லாததால் மாவின் மென்மை கெடாது. ப்ளின் இறைச்சிச் சாறில் வந்தால் லாங்கே நெப்பியோலோவும் சரிதான். இளம் பரோலோவை வெண்ணெய்த் தயரினோடு குடித்தால், தட்டில் கடித்துத் தின்ன இறைச்சி இல்லாததால் டானினுக்குப் பிடி கிடைக்காது. பாஸ்தா காணாமல் போகும், வாய் வறண்டு நிற்கும்.

வெள்ளை டிரஃபிள் என்ற மண்ணடிக் காளான் வந்துவிட்டால் மட்டும் கதை மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆல்பாவில் டிரஃபிள் சந்தை. கிராம் கணக்கில் எடைபோட்டு, உங்கள் கண்முன்னே தயரின் மேல் பச்சையாகச் சீவுவார்கள். டிரஃபிளில் ருசியைவிட வாசனைதான் பெரிது. அதோடு சேர வாசனையில் நிற்கக்கூடிய, ஆனால் வாயை அதட்டாத ஒயின் வேண்டும். வயதான நெப்பியோலோதான் அதற்குத் தோது. 10, 15 வருடமான பார்பரெஸ்கோ ஒன்று அட்டையில் நியாயமான விலையில் இருந்தால் யோசிக்காமல் சொல்லுங்கள். அந்த வயதில் டானின் உருகி, மணத்தில் ஈர மண்ணும் காளானும் ஏறியிருக்கும். இல்லையென்றால் பார்பேராவிலேயே தொடரலாம், இளம் பரோலோவுக்குத் தாவ வேண்டாம்.

பார்பேராவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதற்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. நீண்ட காலம் இது குடங்களில் வாங்கும் மலிவு ஒயினாக இருந்தது. 1986-இல் அந்த மலிவு ஒயினில் சிலர் மெத்தனால் கலந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பார்பேராவின் பெயர் அப்போது அடியோடு கெட்டது. ஆனால் அதற்கு முன்பே அஸ்தி மாவட்டத்தில் ஜாகோமோ பொலோன்யா என்பவர், விளைச்சலைக் குறைத்து, நல்ல திராட்சையை மட்டும் எடுத்து, சிறு பீப்பாயில் முதிர வைத்து, 1982 அறுவடையிலிருந்து ப்ரிக்கோ தெல் உச்செல்லோனே என்ற ஒயினைக் கொண்டுவந்திருந்தார். பார்பேராவாலும் பெரிய ஒயின் ஆக முடியும் என்று காட்டியது அதுதான். வேடிக்கை என்னவென்றால், நெப்பியோலோவில் எனக்கு இடிக்கிற புது மரம் பார்பேராவில் அவ்வளவு இடிக்கவில்லை. திராட்சையில் டானின் குறைவு, மரம் கொஞ்சம் கொடுக்கிறது. ஆனாலும் அன்றாடச் சாப்பாட்டுக்கு மரம் படாத, எஃகுத் தொட்டியில் செய்த பார்பேராதான் என் தேர்வு.

பார்பேரா தால்பாவா, பார்பேரா தாஸ்தியா என்று அட்டையில் இரண்டும் இருந்தால்? ஆல்பாவுடையது கொஞ்சம் வட்டமாக, சதைப்பிடிப்போடு இருக்கும். 15 சதவீதம் வரை நெப்பியோலோ சேர்க்கவும் அனுமதி உண்டு. அஸ்தியுடையது புளிப்பு இன்னும் துல்லியம். அங்கே பார்பேராவுக்கு நல்ல சரிவுகளே கிடைக்கும், நெப்பியோலோ வந்து இடம் பிடிப்பதில்லை. அதனால் அதே விலைக்கு அஸ்தியில் தரம் ஒரு படி மேலே கிடைப்பது சகஜம். அஸ்திக்குள்ளேயே நீட்சா என்ற பகுதிக்கு 2014 அறுவடை முதல் தனித் தகுதி: முழுக்க பார்பேரா, 18 மாத முதிர்ச்சி. கனமான இறைச்சிக்கு, பரோலோ விலை கொடுக்க மனமில்லாதவர்கள் நீட்சாவைப் பார்க்கலாம்.

நீட்சாவின் இன்னொரு புகழ் கார்தோ கோப்போ. தண்டை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வெயில் படாமல் வெள்ளையாக வளர்க்கும் ஒரு காய். அதைப் பச்சையாகவே பாஞா காவ்தா என்ற சூடான சாந்தில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். பூண்டும் உப்பு நெத்திலியும் எண்ணெயில் கரையும் வரை மெல்லிய தீயில் வெந்து, மண் குடுவையில், அடியில் சின்னச் சுடரோடு மேசைக்கு வரும். குளிர்கால உணவு, மறுநாளும் மூச்சில் பூண்டு நிற்கும். உப்பு மீனும் டானினும் சேர்ந்தால் வாயில் இரும்பு நக்கியது போல ஒரு கசப்பு வரும். அதனால் பாஞா காவ்தா மேசையில் நெப்பியோலோ எந்த வடிவத்திலும் வேண்டாம். இளம் பார்பேரா ஒன்றுதான் அதற்கு ஈடுகொடுக்கும்.

பொல்லீத்தோ மிஸ்தோவிலும் அதே தீர்ப்புதான். ஏழெட்டு விதமான மாட்டிறைச்சித் துண்டுகள், நாக்கு, கோழி எல்லாம் வெந்த சாற்றோடு தள்ளுவண்டியில் வரும். கர்ரூ ஊரில் டிசம்பர் மாதம் கொழுத்த மாட்டுச் சந்தை நடக்கும்போது விடியற்காலையிலேயே இதைச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இறைச்சிதானே, பரோலோ போகாதா என்று கேட்கலாம். இறைச்சியோடு மட்டும் போகும். ஆனால் பக்கத்தில் பார்ஸ்லி, பூண்டு, நெத்திலி, புளிக்காடியில் ஊறிய ரொட்டி எல்லாம் அரைத்த பச்சைச் சட்னி ஒன்று வரும். அது இல்லாமல் பொல்லீத்தோ இல்லை. அந்தக் காடிப் புளிப்புக்குப் பக்கத்தில் பரோலோவின் பழச்சுவை ஒடுங்கிப்போய் மரமும் துவர்ப்பும்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் பரோலோவின் தட்டு எது? பிரசாத்தோ. மாட்டின் தோள்பட்டைப் பகுதியைக் கேரட், வெங்காயம், செலரி, பிரிஞ்சி இலை, கிராம்பு, பட்டையோடு ஒரு பாட்டில் ஒயினில் இரவு முழுக்க ஊற வைத்து, மறுநாள் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் மெல்லிய தீயில் வேகவிடுவார்கள். கடைசியில் காய்களை அந்தச் சாற்றிலேயே மசித்துக் குழம்பாக்கி மேலே ஊற்றுவார்கள். கத்தி தேவைப்படாது, கரண்டி விளிம்பாலேயே பிரியும். அதில் கரைந்திருக்கும் ஜவ்வும் கொழுப்பும் பரோலோவின் டானினை மடியில் வாங்கிக்கொள்ளும், ஒயினின் புளிப்பு குழம்பின் கனத்தைத் தூக்கும். மற்ற நாலு ஒயினையும் இந்தத் தட்டு அமுக்கிவிடும். பெயர் பிரசாத்தோ அல் பரோலோ என்றாலும் சட்டியில் ஊற்றுவது பல வீடுகளில் லாங்கே நெப்பியோலோதான், அல்லது பார்பேரா. விலையுயர்ந்ததைச் சட்டியில் கவிழ்ப்பவரை அங்கே சமையல்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

காட்டுப்பன்றி, முயல் வறுவல், ஆட்டிறைச்சி இவற்றுக்கும் பரோலோ பொருந்தும். பாலாடைக்கட்டியில் முதிர்ந்த கஸ்தெல்மான்யோ, முதிர்ந்த தோமா நல்ல ஜோடி. ஆட்டுப்பாலில் செய்த இளம் ரொபியோலா வேண்டாம், அதற்கு டோல்செட்டோவே போதும்.

பரோலோ என்று முடிவானால் வருடத்தைப் பாருங்கள். 2016 எல்லோரும் பாராட்டும் வருடம், ஆனால் நல்ல கைகளில் செய்த பாட்டில்கள் இன்னும் இறுக்கமாகவே இருக்கும். 2018 லேசான வருடம், இப்போதே குடிக்கலாம், உணவகத்தில் அதுதான் புத்திசாலித்தனம். மழை பெய்த 2014-ஐ மட்டமென்று ஒதுக்க வேண்டாம், பார்பரெஸ்கோவில் அந்த வருடம் நன்றாகவே வந்தது. இளம் பாட்டிலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே டிகாண்டர் என்ற அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றச் சொல்ல வேண்டும், முன்பதிவு செய்யும்போதே சொன்னால் செய்து வைப்பார்கள். 16 முதல் 18 டிகிரி சூட்டுக்கு மேலே போனால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அதில் 14, 14.5 சதவீதம் சாதாரணம்.

மேசையில் மூன்று பேர், ஒருவர் பிரசாத்தோ, ஒருவர் ப்ளின், ஒருவர் சைவம் என்றால் பார்பரெஸ்கோ ஒரு நல்ல சமரசம். கூட்டுறவுச் சங்கத்துடையது, அதாவது ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ, கிடைத்தால் எடுங்கள். ஊர்ப் பாதிரியார் ஒருவர் 1958-இல் 19 விவசாயிகளைச் சேர்த்து ஆரம்பித்தது. பெரிய பீப்பாய், பழைய முறை, விலையில் அடாவடி இல்லை. இரண்டு பேர்தான் என்றால் இரண்டு பாட்டில் வேண்டாம், முதல் பாதிக்குக் கண்ணாடிக் கணக்கில் பார்பேரா, இறைச்சிக்குப் பரோலோவும் கண்ணாடிக் கணக்கில். லாங்கேயில் நல்ல பரோலோவைக் கண்ணாடிக் கணக்கில் ஊற்றாத இடம் குறைவு.

காரத்தைப் பற்றி நம்மவர்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு வரி. பியெமோந்தே சமையலில் மிளகாய் அபூர்வம், இந்த ஒயின்கள் மிளகாயைப் பார்த்து வளரவில்லை. காரத்தோடு டானினும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடும். வீட்டில் மிளகுக் கறிக்குப் பக்கத்தில் ஊற்றத்தான் வேண்டும் என்றால் லேசாகக் குளிர வைத்த டோல்செட்டோ, பரோலோவைத் தொட வேண்டாம்.

கடைசியில் ஹேசல்நட் கேக் வரும், லாங்கேயின் ஹேசல்நட் அவ்வளவு பேர்போனது. அதோடு இந்த ஐந்தில் எதுவும் சரிவராது, இனிப்புக்குப் பக்கத்தில் எல்லாமே கசக்கும். ஐந்தாறு சதவீத ஆல்கஹாலோடு லேசாக நுரைக்கும் வெள்ளை மொஸ்காத்தோ தாஸ்தி கேளுங்கள். சாக்லேட் என்றால் பரோலோ கினாத்தோ. பரோலோவில் சிங்கோனா பட்டையும் வாசனைப் பொருள்களும் சர்க்கரையும் ஊற வைத்தது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செர்ராலுங்காவில் ஜுசெப்பே கப்பெல்லானோ என்ற மருந்தாளுநர் செய்து பிரபலமாக்கியது. சின்னக் கண்ணாடியில் ஒரு விரல் அளவு போதும்.